அந்த ஊற்றைக் கட்டாதீர்கள்: வன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மலைக்காட்டை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும் வெந்நீர் ஊற்று மேம்பாட்டுத் திட்டக் குழுவினருக்கும்,

போன மாதம் மலையேறியபோது ஊற்றுக்கு மேலே இருக்கும் பாறையில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஓடையை ஒட்டி நிற்கும் பெரிய மரங்கள் 11-இலும் அதே சிவப்புக் குறி. கீழே இறங்கி வந்து, பாதை தொடங்கும் இடத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஊற்று வரை வண்டி போகும் சாலை, 3 சிமெண்ட் தொட்டிகள், ஆழ்துளை போட்டு நீர் எடுக்க பம்பு, உடை மாற்றும் கூடம், இரவு விளக்குகள். எதற்காக என்பதற்கு ஒரே ஒரு வரி: பராமரிப்பின்றிச் சீரழிந்த ஊற்றைப் பொதுமக்கள் பாதுகாப்பாகப் பயன்படுத்த ஏற்றவாறு மேம்படுத்துதல்.

பராமரிக்க வேண்டியவர்கள் யார் என்று அந்த வரியில் இல்லை. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

17 வருடங்களாக நான் அங்கே போய் வருகிறேன். முதல்முறை அப்பா கூட்டிக்கொண்டு போனார். விடியும் முன் கிளம்பினால் வெயில் ஏறும் நேரத்துக்கு மேலே போய்ச் சேரலாம். ஏறக்குறைய 4 மணி நேர நடை. கடைசி ஒரு மணி நேரம் பாதை காட்டுக்குள் ஓடையை ஒட்டியே போகும், 2 இடங்களில் ஓடையைத் தாண்ட வேண்டும். ஊற்று கண்ணில் படுவதற்கு முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். தீக்குச்சி உரசியது போலவும் லேசாக முட்டை அழுகியது போலவும் ஒரு வாடை. அப்புறம் மரங்களுக்கு நடுவில் ஆவி எழும்புவது தெரியும்.

பாறை இடுக்கிலிருந்து வரும் நீரில் கை வைக்க முடியாது. ஒருமுறை வெப்பமானி கொண்டுபோய்ப் பார்த்தேன், 63 டிகிரி செல்சியஸ் காட்டியது. அந்த நீர் பாறை மேல் வழிந்து, ஆறிக்கொண்டே இறங்கி, ஓடையின் குளிர்ந்த நீரோடு சேரும் இடத்தில், எந்தக் காலத்திலோ யாரோ கல் அடுக்கி ஒரு சின்னக் குளம் ஆக்கியிருக்கிறார்கள். ஓடைப் பக்கத்தில் இருக்கும் ஒரு தட்டைக்கல்லை நகர்த்தினால் குளிர்ந்த நீர் உள்ளே வரும். திரும்ப வைத்தால் சூடு ஏறும். வால்வு, குழாய், மோட்டார் எதுவும் கிடையாது. 5 பேர் உட்காரலாம். ஆறாவது ஆள் வந்தால் ஊறியது போதும் என்று ஒருவர் எழுந்து இடம் விடுவார். முன்பின் தெரியாதவர்கள் அப்படி இடம் விட்டுக் கொடுத்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கொடுக்கப் பலகை எதுவும் அங்கே இருந்ததில்லை.

அப்பாவுக்கு அங்கே சில கண்டிப்புகள் உண்டு. இறங்கும் முன் புறங்கையை நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கை உழைத்துத் தடித்திருக்கும், சூட்டைச் சரியாகச் சொல்லாது என்பார். சோப்பு பையை விட்டு வெளியே வரக் கூடாது. தலையை முக்கக் கூடாது. கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. ஊற்றுக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வெளுத்த மண்ணை மிதிக்கவே கூடாது. காரணம் கேட்டால் சில நேரம் சொல்வார், சில நேரம் 'சொன்னால் கேள்' என்று முடித்துவிடுவார். பின்னாளில் நானே தேடிப் படித்தபோது ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பது தெரிந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தச் 'சீரழிவு' எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சூட்டைப் பற்றி எச்சரிக்கும் பலகை ஒன்று இருந்தது. 3 வருடங்களுக்கு முன் பெருமழையில் அது சாய்ந்து விழுந்தது. படம் எடுத்து உங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. மறு வருடமும் போட்டேன், அதற்கும் இல்லை. அடிவாரத்துக் காவலறை பூட்டியது பூட்டியபடி கிடக்கிறது. அங்கிருக்கும் கழிப்பறையும் அப்படித்தான். இதற்கிடையில் கைப்பேசிக் காணொளிகளால் இடம் எல்லோருக்கும் தெரிந்து போயிற்று. போன வருடம் ஒரு விடுமுறை நாளில், நான் இருந்த நேரத்தில் மட்டும், 140 பேரை எண்ணினேன். 5 பேர் உட்காரும் குளம் அது. ஓடையில் நுரை மிதந்தது. உடைந்த கண்ணாடி, உருகிய மெழுகு, ஈரத்துணி, ஷாம்பூ உறை. ஊற்றுக் கண் பெரிதானால் இன்னும் நிறைய நீர் வரும் என்று நினைத்து யாரோ கடப்பாரையால் பாறையைக் குத்தியிருந்தார்கள். அந்த வடு இன்னும் இருக்கிறது.

போன வருடக் குளிர்காலத்தில்தான் ஓர் இளைஞர் அங்கே காலைச் சுட்டுக்கொண்டார். அப்பா மிதிக்காதே என்று சொன்ன அந்த வெளுத்த மண். மேலே காய்ந்த தரை மாதிரி இருக்கும், அடியில் வெந்நீரில் ஊறிய சேறு. கால் கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது. 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும். காலை இழுத்து, ஷூவைக் கழற்றுவதற்குள் அது நடந்து முடிந்துவிட்டது. 2 கம்புகளில் கம்பளியைக் கட்டி 8 பேர் மாற்றி மாற்றிச் சுமந்தோம். பாதி வழிக்குமேல் அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். அதுதான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது. கீழே வந்தபோது இருட்டிவிட்டது. காவலறையில் பூட்டுத் தொங்கியது. விழுந்த பலகையை நிமிர்த்தி நட்டிருந்தால் அவர் அன்று அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டார் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகவே சீரழிவு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. உங்களைவிட அதிகமாக நானே பார்த்திருக்கிறேன். பலகை, காவல், கழிப்பறை, கூட்டக் கட்டுப்பாடு என்ற சின்ன வேலைகள் நடக்காததால் வந்த கேட்டுக்கு, ஊற்றையே மாற்றிக் கட்டுவது எப்படி மருந்தாகும் என்பதுதான் என் கேள்வி.

ஊற்றில் இன்று வரும் நீர் போன வாரம் பெய்த மழை கிடையாது. மலை மேல் விழும் மழை பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். அங்கே சூடேறிய நீர் ஏதோ ஒரு பிளவின் வழியாகத் திரும்ப மேலே வருகிறது. இப்படி ஒரு சுற்று முடிய எத்தனையோ வருடங்கள், சில ஊற்றுகளில் ஆயிரக்கணக்கான வருடங்கள்கூட ஆகும். மேலே வரும் வழியில் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் ஊற்று தன் போக்கை மாற்றிக்கொள்ளும். 1959-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில் நிலநடுக்கம் வந்தபோது அங்கிருந்த நூற்றுக்கணக்கான ஊற்றுகளின் போக்கு மாறியது. அது இயற்கை செய்தது. ஆழ்துளை போடுவது நாமாகச் செய்வது.

அதன் விளைவை நியூசிலாந்து பார்த்திருக்கிறது. வைராக்கேயில் 1958-இல் புவிவெப்ப மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆழ்துளைகளில் வெந்நீரையும் நீராவியையும் எடுக்க எடுக்க, பக்கத்திலேயே இருந்த வெந்நீர்ப் பீச்சுகளின் (வெந்நீரை உயரப் பீச்சியடிக்கும் ஊற்றுகளின்) பள்ளத்தாக்கு ஓய்ந்து போனது. ரோட்டோருவா நகரத்தில் வீடுகளையும் விடுதிகளையும் சூடாக்க ஆளாளுக்கு ஆழ்துளை போட்டார்கள்; பெயர்பெற்ற பீச்சுகளும் ஊற்றுகளும் தளர்ந்தன. 1986-இல் அரசு தலையிட்டு, போஹுட்டு வெந்நீர்ப் பீச்சிலிருந்து 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளை மூடச் சொன்னது. மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அதன் பிறகு பல ஊற்றுகள் மெல்ல மெல்லத் திரும்ப உயிர்பெற்றன. நம் ஊற்று அவற்றின் முன்னால் ரொம்பச் சின்னது. ஒரே ஒரு பிளவை நம்பி ஓடுவது. உங்கள் பம்பு நீர் எடுக்கப்போகும் ஆழம் எவ்வளவு, அளவு எவ்வளவு, அதற்கு முன் ஒரு வருடமாவது ஊற்றின் சூட்டையும் நீர்வரத்தையும் யாராவது அளந்தார்களா? அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

சிமெண்ட் தொட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊற்று வழியும் பாறையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது நீரில் கரைந்து வரும் தாது. உங்கள் குழாய்க்குள்ளும் அதே படிவு அடைக்கும். கந்தகம் கலந்த நீரும் ஆவியும் சிமெண்ட் பூச்சை அரிக்கும். சில வருடங்களில் வெடித்து ஒழுகும் தொட்டி ஒன்றைக் காட்டுக்கு நடுவில் விட்டுவிட்டு வருவோம். அந்தக் கந்தக வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடுகிறது. சுவரும் கூரையும் போட்டு அடைத்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். செறிவு அதிகமானால் மூக்கு அந்த வாடையை உணர்வதையே நிறுத்திவிடும், ஆபத்து இருப்பதே தெரியாது. உங்கள் வரைபடத்தில் உடை மாற்றும் கூடம் ஊற்றுக் கண்ணுக்கு நேர் கீழே, பள்ளத்தில் வருகிறது. அதை வரைந்தவர் ஒரு நாளாவது அங்கே வந்து நின்றாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கட்டிடம் வந்தால் பாதுகாப்பும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பாத் நகரத்தின் வெந்நீர்க் குளங்கள் ரோமானியர் காலத்திலிருந்து கட்டிப் பயன்படுத்தப்பட்டவை. 1978-இல் அங்கே நீந்திய ஒரு சிறுமி, நீக்லேரியா பவுலேரி என்ற அமீபா தொற்றி இறந்து போனாள். குளியல் நிறுத்தப்பட்டது. பொதுமக்கள் மீண்டும் அந்த வெந்நீரில் குளிக்க 2006 ஆயிற்று. அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழும், 46 டிகிரி சூடு வரைகூட வளரும், மூக்கு வழியாக ஏறி மூளைக்குப் போகும். மிக அரிதான நோய், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. தலையை முக்காதே என்று அப்பா சொன்னதன் அர்த்தம் இதுதான், அவருக்கு அமீபாவின் பெயர் தெரியாது என்றாலும். ஒடுங்கிய கல் குளத்தில் ஒருவர் கழுத்து வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். பெரிய தொட்டி கட்டினால் குதிப்பார்கள், நீந்துவார்கள், குழந்தைகள் மூழ்கி விளையாடுவார்கள். மருந்து கலக்கப் போகிறீர்களா? அப்படியானால் அந்த நீர் போய்ச் சேரும் ஓடைக்கு என்ன பதில்?

அறிவிப்பில் என்னை மிகவும் வருத்திய சொற்கள் 'பாசி, அழுக்கு அகற்றப்படும்' என்பவை. ஊற்று வழியும் தடத்தில் ஆரஞ்சும் மஞ்சளும், கீழே வர வர பச்சையுமாகப் படர்ந்திருக்கிறதே, அதை அழுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அது உயிர். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு சூட்டில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம். ஒளியை உணவாக்கும் நுண்ணுயிர்கள் 73 டிகிரி சூடு வரைகூட வாழும். 1966-இல் தாமஸ் பிராக் என்ற அறிவியலாளர் யெல்லோஸ்டோன் ஊற்று ஒன்றிலிருந்து இப்படிச் சூட்டில் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். தெர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்ற பெயரில் 1969-இல் அதை உலகுக்கு அறிவித்தார். கொதிக்கும் சூட்டுக்குப் பக்கத்திலும் கெடாத அதன் நொதிதான் பிசிஆர் சோதனையை எல்லா ஆய்வகங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த முறையைக் கண்டுபிடித்த கேரி முல்லிஸுக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020-இல் உலகமே மூக்கில் குச்சி விட்டுக் கொடுத்த மாதிரிகளைச் சோதித்த முறையும் அதுதான். யாரும் அந்த ஊற்றைத் தேய்த்துக் கழுவாமல் விட்டார்கள், பிராக் வந்தபோது அந்த உயிர் அங்கே இருந்தது. நம் ஊற்றில் என்ன வாழ்கிறது என்று இதுவரை யாரும் பார்க்கவே இல்லை. பார்க்கும் முன்னே பிரஷ் போடாதீர்கள்.

கட்டாமல் விட்டால் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதே யெல்லோஸ்டோனில் மார்னிங் குளோரி என்றொரு குளம் இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் காசுகளையும் குப்பையையும் எறிந்து எறிந்து அடியிலிருக்கும் வாயை அடைத்தார்கள். வெந்நீர் வரத்துக் குறைந்து, குளம் ஆறி, ஓரத்திலிருந்து மஞ்சளும் பச்சையும் உள்ளே படர்ந்தன. பழைய ஆழ்ந்த நீலம் போய்விட்டது. 1950-இல் அந்தக் குளத்தைப் பொங்கி வழியச் செய்து சுத்தம் செய்தபோது காசுகளோடு கைக்குட்டைகளும் துணிகளும் வெளியே வந்தன. மனிதர்களிடமிருந்து ஊற்றைக் காக்க ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் 3 வருடங்களாகக் கேட்கிறேன்.

சாலை வேண்டும் என்பவர்களின் பக்கமும் எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அப்பா போய் வந்து சொன்ன கதைகளைக் கேட்டே வயதானவர், ஒரு தடவைகூட அந்த நீரில் கால் வைத்ததில்லை. சாலை வந்தால் அம்மாவை வண்டியில் கூட்டிப் போகலாம். இந்த மடலை எழுத உட்கார்ந்த முதல் நாள் அதை நினைத்தே எழுதாமல் எழுந்துவிட்டேன். ஆனால் சாலை அம்மாவை மட்டும் கொண்டுபோய் விடாது. 140 பேரைத் தாங்காத இடத்துக்கு ஆயிரம் பேரைக் கொண்டுவரும். மலைச்சரிவை வெட்டினால் மண் ஓடையில் இறங்கும். நடக்க முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு: அடிவாரத்து ஆட்களுக்குக் கூலி கொடுத்து, மாதத்தில் ஒரு நாள் தூக்கு நாற்காலியில் சிலரை அழைத்துப் போகலாம். காயம்பட்டவரை ஒரு கம்பளியில் எங்களால் சுமந்து இறக்க முடிந்தது என்றால், முறையான நாற்காலியும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்தால் இது முடியாத காரியம் இல்லை.

சரி, நான் கேட்பது இவைதான்.

ஆழ்துளை, சாலை, தொட்டி வேலைகளை உடனே நிறுத்தி வையுங்கள். குறைந்தது ஒரு வருடம், மழைக்காலத்திலும் கோடையிலும், ஊற்றின் சூடு, நீர்வரத்து, தாது, உயிர்கள் ஆகியவற்றை நீரியலும் நுண்ணுயிரியலும் தெரிந்தவர்களைக் கொண்டு அளந்து, முடிவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். அதுவரை அந்த ஆரஞ்சுத் தடத்தின் மேல் ஒரு பிரஷும் படக் கூடாது.

விழுந்த பலகையை இந்த மாதத்துக்குள் நடுங்கள். அதற்கு அளவெடுப்பு எதுவும் தேவையில்லை. ஊற்றுக் கண்ணின் சூடு எத்தனை டிகிரி, எந்த மண்ணை மிதிக்கக் கூடாது, தலையை முக்கக் கூடாது, சோப்பும் கண்ணாடியும் கூடாது, கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். வெளுத்த மண்ணைச் சுற்றி ஒரு கயிறாவது கட்டுங்கள்.

காவலறையைத் திறந்து, பகலில் ஆள் வையுங்கள். மேலே போகிறவர்களின் பெயரைக் குறித்து, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டுங்கள். 40 என்று நான் சொல்வேன்; அளந்து பார்த்துவிட்டு அதைவிடக் குறைவாகச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன், எனக்கே இடம் கிடைக்காமல் போனாலும். இருட்டிய பிறகு யாரையும் விடாதீர்கள். கழிப்பறையின் பூட்டைத் திறந்து தண்ணீருக்கு வழி செய்யுங்கள். மேலே தேவைப்பட்டால் நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் குழி தோண்டி மூட வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லி அனுப்புங்கள். பாதையின் நடுவில் ஒரு தூக்குப் படுக்கையும் முதலுதவிப் பெட்டியும் வையுங்கள்.

திட்டத்தின் முழு வரைபடத்தை வெளியிட்டு, அடிவாரத்தில் குடியிருப்பவர்களையும் அந்தப் பாதையில் நடப்பவர்களையும் கூட்டி ஒரு நாள் பேசுங்கள். கூட்டத்தை அலுவலகத்தில் வைக்காமல் ஊற்றின் பக்கத்திலேயே வைத்தால் நல்லது. குழுவில் இருப்பவர்கள் எத்தனை பேர் வந்தாலும் வழிகாட்டி அழைத்துப் போக நான் வருகிறேன். குப்பை அள்ள மாதம் 2 நாள் என்னையும் என்னோடு நடக்கும் 7 பேரையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சிவப்புக் குறி போட்ட அந்த 11 மரங்கள். அவற்றை வெட்ட உத்தரவு கொடுக்கப்பட்டுவிட்டதா, இல்லையா? கொடுக்கப்பட்டிருந்தால் அதை நிறுத்தி வைத்ததாகவும், கொடுக்கப்படவில்லை என்றால் கொடுக்கப் போவதில்லை என்றும், 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். முந்தைய 2 கடிதங்களின் நகல்களையும் விழுந்த பலகையின் படத்தையும் இதனோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
17 வருடங்களாக அந்தப் பாதையில் நடக்கும் ஒருவர்